நாலு மணிப் பால்

விடியப்புறம் நாலு மணிக்கு
அவள் அழவில்லை.
அழுதிருந்தால் சுகிர்தா எழும்பியிருப்பாள்.
"அப்பா, பசிக்குது" என்றாள் மெல்ல,
களவுக்குக் கூட்டுச் சேர்க்கிறவள் மாதிரி.
பிரிட்ஜ் வெளிச்சத்தில் அரைக் கோப்பை பால்.
நுரை மீசையை என் கையாலேயே துடைத்தேன்.
நள்ளிரவுக்குப் பிறகு சாப்பாடு கூடாதென்ற தாள்
காந்தத்தில் தொங்கியபடி பார்த்திருந்தது.

வினிபெக்கில் அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
கார் இருமி இருமித்தான் கிளம்பிற்று.

"பதினான்கு தசம் இரண்டு" என்றாள் தாதி மரிசெல்.
நான் இறாத்தலில் சொல்ல வாயெடுத்தேன்.
"கிலோ. இங்கே எல்லாமே கிலோவில்தான்."
எழுதிய எண்ணை இன்னொருத்தி
வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்தாள்.
தங்கம் நிறுக்கிற கடையில்கூட
இவ்வளவு சந்தேகம் நான் கண்டதில்லை.

"கடைசியாக என்ன சாப்பிட்டாள்?"
"இடியப்பம். நேற்றிரவு ஏழு மணி"
என்றாள் சுகிர்தா, நிச்சயமாய்.
பேனா அடுத்த கேள்விக்குப் போயிற்று:
ஆடுகிற பல் உண்டா, குறட்டை, தடிமன்?

இரண்டு மாதம் காத்திருந்த தேதி.
கெஞ்சி வாங்கிய லீவு.
அரைக் கோப்பைதானே.
சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?
அவளின் வயிற்றுக்குத் தெரியும்.

சொன்னேன்.
சுகிர்தா பார்த்த பார்வையை
இங்கே எழுதப்போவதில்லை.

டாக்டர் ஃப்ரீசன் ஏசவில்லை.
கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.
"இந்த நித்திரையில் இருமவும் மறந்துபோகும்.
பால் மேலே வந்தால்
மூச்சுக்குழாய் கதவைச் சாத்தாது.
சொன்னதற்கு நன்றி. இரண்டு மணிக்குச் செய்வோம்."

ஆறரை மணித்தியாலம்.
பத்து மணி வரை தெளிந்த ஆப்பிள் சாறு கொஞ்சம்,
பிறகு அதுவும் இல்லை.
தொட்டியிலிருந்த ஒற்றை மீனுக்குச்
சாம்பவி ஒன்பது பெயர் வைத்தாள்.
சுகிர்தா பேசவில்லை.
மத்தியானம் போல, தன் கோப்பியில் மிச்சத்தை
என் பக்கம் நகர்த்தினாள்.

இரண்டு மணிக்கு ஊசிக்குழலில் வந்த மருந்து
வெள்ளை வெளேரென்று இருந்தது.
"பால்!" என்றாள் சாம்பவி என்னைப் பார்த்து,
காட்டிக்கொடுக்கிற சிரிப்போடு.
சிரிப்பு முடியமுதல் கண் சொருகிற்று.

திரையில் மஞ்சளாய் ஒரு கோடு,
மூச்சுக்கு மூச்சு ஒரு சின்ன மேடு.
மேடு. பள்ளம். மேடு.
மரிசெல் அதிலிருந்து கண்ணெடுக்கவில்லை,
என்னை வெளியே போகச் சொன்னபோதும்.

படம் என்ன சொல்லும் என்பது வியாழக்கிழமைக்கு.

எழும்பியவளுக்குக் கோபம்.
சப்பாத்து வேண்டாம், போர்வை வேண்டாம், நான் வேண்டாம்.
தலை தானாக நிமிர்ந்து நிற்கும்வரை
வீட்டுக்கு விடமாட்டோம் என்றார்கள்.
காரிலும் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்,
கழுத்து மடிந்தால் மூச்சும் மடியும்.

போர்ட்டேஜ் அவெனியூ. சிவப்பு விளக்கு.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
பின்னிருக்கையில் சுகிர்தாவின் உள்ளங்கை
பிள்ளையின் நாடிக்குக் கீழே, அசையாமல்.
அன்றைக்கு என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை:
"வீட்டில பால் முடிஞ்சுது.
போற வழியில வாங்க வேணும்."