மூலை இல்லாத சதுக்கம்

வலென்சியாவில் கப்பல் கட்டிய அன்று
உனக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம்.
பஸ் பிடித்து, வழி கேட்டு, வழி தவறி
அந்தச் சதுக்கத்துக்குப் போயிருக்கிறாய்.
போனில் சொன்னது இவ்வளவுதான்:
"சதுக்கம்னு பேரு. ஆனா வட்டமா இருக்கு."

கல்மண்டபத்தில் அப்போது கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
யாருடைய பேன்ட்டுக்கோ ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன்.
காஜா எடுக்கும் மும்தாஜ் கேட்டாள்:
"நாலு மூலை இல்லாம எப்படிக்கா சதுக்கம்?"
மூலை இருந்தா எவனாவது ஒன்னுக்கு அடிப்பான், அதான் என்றேன்.
நாங்கள் சிரித்து முடிப்பதற்குள்
உன் சிக்னல் போய்விட்டது.

பிறகு படங்கள் வந்தன, ஒவ்வொன்றாக.
நடுவே கல்லில் ஒரு நீரூற்று,
பக்கத்தில் ஒரு குடம்கூட வரிசையில் இல்லை.
சுற்றிலும் கடைகள்:
லேஸ், நாடா, நூல்கண்டு, பொத்தான்.
கடைகளுக்கு மேல் வீடுகள்.
எல்லா ஜன்னலும்
ஒரே கிணற்றை எட்டிப் பார்க்கின்றன.
நம் எம்.சி. ரோட்டை யாரோ
பாயைப்போல் உதறி, ஜனத்தைக் கொட்டிவிட்டு,
வளைத்து வைத்ததுபோல் இருந்தது எனக்கு.

குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து
காபி குடித்தேன் என்றாய்.
பொய்.
சதுக்கத்தில் ஒரு பூதம் இருக்கும்,
பொய்யரைப் பிடித்து அடித்துத் தின்னும் என்று
எட்டாம் வகுப்பில் படித்திருக்கிறேன்.
அது பூம்புகாரில்.
நீ போனதில் அதற்குப் பதுங்க மூலை ஏது?
தப்பித்தாய்.
ஆனால் எனக்குத் தெரியும்.
விலைப்பலகையை இரண்டு முறை படித்திருப்பாய்,
மனசுக்குள் ரூபாயாக்கி இருப்பாய்,
பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு
நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்திருப்பாய்.

அந்தக் காபிதான் இப்போது என் உள்ளங்கையில்.
போன வாரம் ஊர் திரும்பிய காசிமேட்டு கிளமெண்ட்
சின்னக் காகிதப் பொட்டலம் கொடுத்தான்.
ஐந்து பொத்தான். சிப்பியில் செய்தது.
திருப்பினால்
மீன் செதிலின் உட்புறம்போல் நிறம் ஓடுகிறது.
ஐந்தை வைத்து என்ன தைப்பது?
ரவிக்கைக்கு ஹூக் போதும்,
சட்டைக்கு ஏழு வேண்டும்.
டெய்லர் பெண்டாட்டியோடு ஒன்பது வருஷம் இருந்தவனுக்கு
இதுகூடத் தெரியாதா என்று கேட்கலாமென்றால்
நீ நடுக்கடலில்.

நேற்று உனக்கொரு சட்டை வெட்டிவிட்டேன்.
மேலிருந்து ஐந்தும் அந்த ஊர்ப் பொத்தான்.
கீழே இரண்டு, டக் பண்ணினால் தெரியாத இடத்தில்,
எம்.சி. ரோடு பிளாஸ்டிக், டஜன் பத்து ரூபாய்.

கழுத்துக்குப் பழைய அளவே வைத்திருக்கிறேன்.
இளைத்திருந்தால் சொல்.
பொய் சொல்லாமல் சொல்.