எண்பதுக்கு நூற்றிருபது

காலை ஐந்தரைக்கு லாரி.
லியெபாயாவில் காற்றுக்கு உறக்கம் கிடையாது.
பின்கதவைத் திறந்ததும்
முதலில் இறங்குவது அதுதான்.
பிறகுதான் மெழுகுவர்த்தி.

ஒரே பலகையில் ஒரு கடை.
எண்பது சென்டிமீட்டருக்கு நூற்றிருபது,
என் மோவாய் வரை உயரம்.
வாரைக் கத்தரி, மேல்மூடியைத் தூக்கு,
பிளாஸ்டிக் உறையை வெங்காயத் தோல்போல் உரி.
நான்கு நிமிடம்.
அடுக்க வேண்டாம், விலை ஒட்ட வேண்டாம்,
அட்டையிலேயே அச்சாகி வந்திருக்கிறது எல்லாம்.
யாரோ, எந்த ஊரிலோ,
என் வேலையை எனக்கு முன்பே முடித்து
கை கழுவிப் போயிருக்கிறார்கள்.
என் முதுகு அவர்களுக்கு நன்றி சொல்கிறது.
சம்பளச் சீட்டு சொல்வதில்லை:
இந்த மாதம் எனக்கு ஆறு மணி நேரம் குறைவு.

நவம்பர் கடைசி. ஞாயிறு மாலை
ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்,
சிவப்புக் கூடுகளுக்குள் தீ ஏந்தி.
ஆகவே வாசலுக்கு நேரே, ரொட்டிக்கு முன்னால்,
வாழைப்பழத்துக்குப் பக்கத்தில்
மரித்தோருக்கான வெளிச்சம்.
கட்டுக்கு நான்கு; இரண்டு யூரோ எழுபத்தொன்பது.
ரைவிஸ் வரைபடத்தோடு வந்து
அரைச் சாண் இடப்புறம் என்றான்.

நான்முகன் என்றே சொல்லலாம் இதை.
நாலு பக்கமும் முகம், நாலு பக்கமும் விற்பனை.
ஜனங்களுக்கோ ஒரு முகம் போதும்.
கதவைப் பார்த்த பக்கத்திலேயே கை வைக்கிறார்கள்.
பத்து மணிக்குள் அங்கே பள்ளம்;
பின்புறம் புதுமாப்பிள்ளைபோல் விறைத்து நிற்கிறது.
கைவண்டியை அடியில் கொடுத்து
அரைவட்டம் திருப்பினேன்.
மறுபடியும் நிறைந்த கடை.
நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

மதியம் இரண்டாம் அடுக்கும் கரைந்தபோது
எட்டிப் பார்த்தேன்.
நடுவில் ஒன்றுமில்லை.
ஓர் அட்டைக் குழாய், அதற்குள் இருட்டு.
மலையென்று நின்றது நான்கு சுவர்தான்.
ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.
எந்த வீடும் சுவர்தானே.

மூன்று மணிக்கு ஓர் அம்மாள்,
பெயர் ஔஸ்மா, சலுகை அட்டையில் பார்த்தேன்,
கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"ஐந்து வேண்டும். இன்னொன்று பிரித்துத் தருவாயா?"
கட்டைப் பிரிக்கக் கூடாது என்றேன்.
"நாங்கள் நான்கு நான்காய்ச் சாவதில்லையே."
கோபமில்லை அதில்;
கணக்கு இடிக்கும்போது வரும் எரிச்சல், அவ்வளவுதான்.

வரிசையில் அவளுக்குப் பின்னால்
மீன் துறைமுகத்து ஆள், ரப்பர் பூட்ஸ், ஒரு கட்டு.
"எனக்கு மூன்று," என்றான்.
"போன வருஷம் இரண்டு."
யாரும் மேலே கேட்கவில்லை.

ஆளுக்கொரு கட்டாய்த்தான் பில் போட்டேன்.
கல்லாவுக்கு அப்பால் என் விதி செல்லாது.
ஜன்னல் திட்டில் வைத்து
அவன் பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழிக்க,
ஐந்தும் மூன்றுமாய்ப் பிரித்துக்கொண்டார்கள்.
அவள் எழுபது சென்ட் எண்ணி நீட்டினாள்.
அவன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.
வேண்டாம் என்று சொல்லி
அவளைச் சின்னவளாக்கவில்லை.

சனி இரவு மூடும்போது
பலகை வெறும் பலகை.
துருவேறிய ஆணித்தலைகள்,
மூலையில் சூடு போட்ட முத்திரை,
யாருடையதோ ஒரு கையுறை, இடது கை.

அது நின்ற இடத்தின் ஈரச் சதுரம் காய்வதற்குள்
அடுத்தது வந்துவிட்டது:
மிளகும் இஞ்சியும் போட்ட கிறிஸ்துமஸ் பிஸ்கட்,
அட்டையெல்லாம் நட்சத்திரம்,
அதே எண்பது, அதே நூற்றிருபது.
வாரைக் கத்தரித்தேன், மூடியைத் தூக்கினேன்.
ரைவிஸ் பார்க்காத நேரம்
மேலடுக்கில் ஒரு பெட்டியை நகர்த்தி
உள்ளே கையை விட்டுப் பார்த்தேன்,
முழங்கை வரை.