ஏழு டெஸ்லா

வூர்ட்ஸ்பர்க்கில் பனி.
டிராம் ஓட்டுநர் ஓட்மார்
சாவிக்கொத்தையும் பெல்ட்டையும் தட்டில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.
மேசை உள்ளே நகர்ந்ததும்
"வாயெல்லாம் பழைய காசு ருசி" என்றார்.
எல்லோரும் சொல்வதுதான்.

இந்தக் காந்தத்துக்குள் ஈசிஜி பொய் சொல்லும்.
ஓடும் ரத்தமே கம்பியாகி
தன் பங்குக்கு ஒரு மேட்டை வரைந்துவிடும்.
எது துடிப்பு, எது ஓட்டம்,
இயந்திரத்துக்குப் பிடிபடாது.
அதனால் மின்சாரத்தைக் கைவிட்டு
மார்பில் ஒரு மைக் வைத்திருக்கிறோம்.
லப் கேட்டால் படம் எடு,
அவ்வளவுதான் உத்தரவு.

"மூச்சை விடுங்கள். அப்படியே நிறுத்துங்கள்."
கதவு திறந்த வண்டிபோல் நின்றார்
பதினான்கு விநாடி.

திரையில் இதயம்,
வால்வின் விளிம்பு நடுங்குவதுவரை.
கீழ்ச்சுவரில் மட்டும் ஒரு கரும்பள்ளம்.

வீப்கே எதுவும் பேசவில்லை.
அலையின் கட்டத்தைச் சற்றே திருப்பினாள்.
நிழல் நகர்ந்தால் அது எங்களுடையது,
காந்தத்தின் கோளாறு.
நகராவிட்டால்
அவருடையது.

"ஒரு மணி வண்டி என் முறை,
முடிந்துவிடுமா?"
குழாய்க்குள்ளிருந்து அவர் குரல்.

பொத்தானில் விரலை வைத்தேன்.
"இன்னும் ஒரே ஒரு மூச்சு, ஐயா."
லப்.
லப்.

பாதி நகர்ந்தது.