வெள்ளியல்ல

பத்தர் மகன் கடையைக் காலி செய்துகொண்டு
திருப்பூருக்குக் கிளம்பிய வாரம்
மீட்காத சாமான் என்று ஒரு பால்மாவு டப்பாவை
நீடாமங்கலம் கூட்டுறவு வங்கி மேசையில் கவிழ்த்தார்.
ஒற்றைக் கொலுசு, திருகில்லாத மூக்குத்தி,
நாலு மெடல்.

நான் நகை மதிப்பீட்டாளர்.
என் கண்ணுக்கு முன்னால் என் கை போய்விடும்.
உரசினேன். நாலில் ஒன்றுதான் வெள்ளி.
துப்பாக்கிமுனைக் கத்தி ஒன்று நிமிர்ந்து நிற்கிறது அதில்.
சிவப்பு ரிப்பன் செங்கல்தூள் நிறமாகிவிட்டது.
விளிம்பில் எழுத்து இருந்திருக்கிறது:
ஒரு ஐ, பாதி சி,
பிறகு வழவழப்பு.

திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன்.
மற்ற மூன்றிலும் பெயர் அப்படியே இருந்தது,
மேஜர் க. உத்திராபதி, சப்பர்ஸ்.
திருடன் ஒன்றை மட்டுமா அழிப்பான்?
அப்படியானால் அவரேதான் அழித்திருக்க வேண்டும்.
இரண்டு ராத்திரி அந்தக் கதையை நம்பினேன்.
அவருக்கென்று ஒரு துயரம்கூடச் செய்து கொடுத்தேன்,
செத்துப்போன ஒரு சிப்பாய், வராத தூக்கம்,
ஒரு அரம்.

பெங்களூருக்கு எழுதிப் போட்டேன்.
ஏழு மாதம் கழித்து ஒரே ஒரு பத்தி வந்தது.
எழுபத்தொன்று டிசம்பர். கிழக்கு வங்காளம்.
மிதவைப் பாலம் போட ஆழம் தெரிய வேண்டும்.
எதிர்க்கரையிலிருந்து சுடுகிறார்கள்.
மூங்கில் கழியோடு தனியாக இறங்கி
கழுத்துத் தண்ணீரில் அக்கரைவரை நடந்து
நடந்தே திரும்பினார்.
கடைசியில் ஒரு வரி: அதிகாரி நீரோட்டம் அறிந்தவர்.
அறியாமலா?
மூணாறு தலைப்புக்குப் பக்கத்து ஊர்க்காரர்.
வெண்ணாறா கோரையாறா பாமணியாறா என்று
காலில் படும் மணலே சொல்லிவிடும்.

பத்தரின் பேரேடு பரணில் கிடந்தது.
கரையான் தின்றது போக நான் தேடியது இருந்தது.
எழுபத்தெட்டு ஆடி. மேஜர், பூவனூர்.
பட்டயம் ஒன்று, வெள்ளி. முந்நூறு ரூபாய். நடவுச் செலவு.
தை. மீட்பு.
அடுத்த ஆடி. பட்டயம் ஒன்று, வெள்ளி. முந்நூறு.
தை. மீட்பு.
பக்கத்துக்குப் பக்கம் மேட்டூர் திறந்த தேதி
பென்சிலில்.

அந்த எடை வெள்ளிக்கு அன்றைக்கு
நாற்பது ரூபாய் தேறினால் அதிகம்.
“தெரிஞ்சுதான் குடுத்தார்” என்றார் பத்தர் மகன்.
“ஆனா சும்மா வாங்கிக்க மேஜர் விடமாட்டார்.
எல்லாருக்கும் உரசுற மாதிரி எனக்கும் உரசுன்னு
நின்னுக்கிட்டே இருப்பார்.
அப்பா உரசுவார். ஓரத்துல, எப்பவும் அதே இடத்துல.
முகத்துல கீறல் விழக்கூடாதுன்னு.”

வருஷத்துக்கு ஒன்று, பன்னிரண்டு உரசல்.
அரமும் இல்லை, தூக்கம் வராத சிப்பாய்க் கதையும் இல்லை.
எடைப் பத்தியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்:
முக்கால் கிராம் பெயர் போயிருக்கிறது,
பன்னிரண்டு குறுவைக்கு.

எண்பத்தொன்பது ஆடியில் நாலையும் கொண்டுவந்திருக்கிறார்.
மூன்றுக்கு எதிரே பத்தர் கையெழுத்து: வெள்ளியல்ல.
தொகை மட்டும் ஐந்நூறு.
தை மாதத்துக்கு எதிரே எதுவும் இல்லை.
அந்த வருஷம் தண்ணீர் தாமதமா, அவர் போய்விட்டாரா,
பூவனூரில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள்.
மெடலைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.
மேஜர் வரப்பில் நின்றால்
முறைத் தண்ணீர் பிசகாது என்றார் ஒருவர்.

வெள்ளியல்லாததை யாரும் உரசவில்லை.
அதில்தான் பெயர் பிழைத்துக் கிடந்தது.

அந்தப் பாதி சி,
நான் உரசுவதற்கு முன்னால் முழுசாக இருந்ததா?
என் கல்லில் அவர் கோடு விழுந்திருக்கும்.
பார்க்கலாம் என்றால்
அன்று சாயங்காலமே எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன்,
தினம் துடைப்பதுபோல.