கைப்பிடி

"தினம் ஒரு கைப்பிடி பருப்பு,
உப்பில்லாமல், பொரிக்காமல்" என்றார் டாக்டர்.
யார் கையால் என்று சொல்லவில்லை.

என்னுடையது
நானூறு இலைக்கு உப்பு அளக்கிற கை.
கழனிவாசல் கல்யாணங்களில்
முந்திரி மூட்டைக்குள் முழங்கைவரை போய் வரும்.
குருமாவுக்கு அரைக்கும் முன்
நாலு வாய்க்குள் விழும்.
அதற்குக் கணக்கு கிடையாது,
சமையல்காரன் கூலியில் சேர்ந்தது.

கணக்கெல்லாம் ரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்தது.
கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்திரண்டு.
சர்க்கரையோடு பழக்கம்
பதினோரு வருஷம்.

சிட்டாள் தன் கையை நீட்டினாள்.
வளையல் கடையில் சின்னப்பிள்ளை அளவு கேட்கிறவள்.
பாதாம் எட்டு, வால்நட் இரண்டு,
மிச்ச இடத்துக்குத் திங்கட்சந்தைக் கடலை,
தோலோடு.
"தேன்குழலுக்கு மேலே இல்லை,
தேன்குழலுக்குப் பதிலா."
டாக்டர் சொன்னதில்
என் காதில் விழாத பாதி அது.

மூன்று மாதம் மென்றேன்.
பணியாரச் சட்டிப் பக்கம் நிற்கும்போதெல்லாம்
சட்டைப்பையில் கடலை கிலுகிலுத்தது.
"மாஸ்டர் அணிலாயிட்டார்" என்றான்
தேங்காய் துருவுகிற சேவுகன்.

நூற்று நாற்பத்தொன்று.
சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது.
மாத்திரையும் நிற்கவில்லை.
ஊரைக் கூட்டிச் சொல்கிற சேதி இல்லை.
டாக்டர் தாளை மடித்து,
"விட்டுடாதீங்க" என்றார்.

நேற்று கோட்டையூரில் விடிகாலை நாலு மணி.
புது மூட்டை.
கை தானாக உள்ளே போனது.
நாலு எடுத்தேன்.
இரண்டைத் திரும்பப் போட்டேன்.
கொஞ்சம் நின்று
இன்னொன்றையும்.

மிச்சம் இருந்ததைப் பற்றி
சிட்டாளிடம் யாரும் சொல்ல வேண்டாம்.