மூன்று மில்லிமீற்றர்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்.
எங்களிடம் அம்மி இல்லை.
அப்புத்தளைக் காற்றுக்கு
அந்தப் பழமொழி கொஞ்சம் சின்னச் சட்டை.

மாடி அறையின் மேற்கு ஜன்னல்
பகல் முழுக்கப் பல்லை நறநறக்கும்.
இராப்பணி முடித்து
தியத்தலாவை பஸ்ஸில் வந்திறங்கும் யோகமலர்
காதில் பஞ்சும் தலையில் குல்லாவுமாய்ப் படுப்பாள்.
அவள் காலடியில் ஹீட்டர் சிவக்கும்.
மாதக் கடைசியில் நான் சிவப்பேன்:
நூற்றுப் பதினெட்டு யுனிட்.

நான் கணக்கு வாத்தியார்.
கண்ணால் கண்டாலும்
காகிதத்தில் போடாமல் நம்புவதில்லை.
ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி
சட்டத்தின் ஓரமாய் மெல்ல நகர்த்தினேன்.
பிணைச்சலருகே புகை மிரண்டு உள்ளே ஓடியது.
கீழ்மூலையில் படுத்தே விட்டது.
கண்ணைத் திறக்காமல் யோகமலர் கேட்டாள்:
"ஜன்னலுக்கா பூசை?"

இடுக்கின் அகலம் மூன்று மில்லிமீற்றர்.
இரண்டு கதவு, சுற்றிலும் நடுவிலுமாய்
நீளம் ஐந்து மீற்றர் நாற்பது.
பெருக்கிப் பார்த்தேன்.
சுவரில் ஒரு செங்கல்லை உருவிவிட்டு
ஹீட்டர் போட்டுக் குந்தியிருந்திருக்கிறோம்
இரண்டு வருஷமாய்.

நஸ்மீர் கடையில் புட்டி இருந்தது.
ஒட்டும் ரப்பர்ப் பட்டி இருந்தது.
"வெயில்தான் சேர் நம்மகிட்ட ஸ்டொக் இல்ல.
மரம் காயாம பூசினா புட்டி பிடிக்காது."
பதினேழு நாள் காத்திருந்தேன்.
போயா லீவன்று வந்தது வெயில்,
கடன் கேட்க வந்தவர் மாதிரி
வாசலிலேயே நின்றுகொண்டு.

பழைய புட்டி பிஸ்கட்டாய் உதிர்ந்தது.
ஊறிப் பருத்த கீழ்ச்சட்டத்தைச் சீவினேன்.
மூலை இடுக்கில்
ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால்
மடித்து மடித்துச் செருகிய லொத்தர்ச் சீட்டுகள்.
பதினொன்று.
எல்லாம் பதினாறு வருஷத்துக்கு முந்திய திகதி.
யாரோ வாராவாரம் தோற்று
தோற்றதை வாராவாரம்
காற்றுக்கு எதிராய் அடைத்திருக்கிறார்.
நம்பர்களைப் பார்த்தேன்.
பார்க்காமல் இருக்க முடியுமா?

கண்ணாடி ஒன்று மாற்றினேன்.
புட்டியைப் பெருவிரலால் இழுத்தேன்,
நேர்கோடு வரவில்லை.
பலகையில் நான் போடும் கோட்டைப் பார்த்துச் சிரிக்கும்
ஏழாம் வகுப்பு நல்லவேளை அங்கில்லை.
ரப்பர் ஒட்டி, பிணைச்சலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு,
இழுத்துச் சாத்தினேன்.
கொண்டி விழுந்தது: டக்.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குள்ளே
குழாய் சொட்டியது.
தெருவில் ஆட்டோக்காரர் யாருடனோ
சில்லறைக்குச் சண்டை பிடித்தார்.

மறுநாள் யோகமலர் மூன்று மணியாகியும் எழும்பவில்லை.
பயந்துபோய்
மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.
"உயிரோடதான் இருக்கேன், போங்க."

விடிகாலையில் கண்ணாடி அழுதிருந்தது.
உள்பக்கமாய்.
காற்று போன வழியில்தான் ஈரமும் போயிருக்கிறது,
என் கணக்கில் அது இல்லை.
இப்போது மத்தியானம் பத்து நிமிஷம்
நானே திறந்துவைக்கிறேன்.
சனியன் வா என்கிறேன், வருகிறது,
திரையைக் கலைத்துவிட்டுப் போகிறது.

அடுத்த பில்: எழுபத்தாறு.

வாடகைக்கு வந்தார் ஜயதிஸ்ஸ மாத்தயா.
ஒற்றை விரலால் திறந்தார், மூடினார்,
திரும்பத் திறந்தார்.
வாடகையைக் கூட்டப்போகிறார் என்று
வயிறு கலங்கியது எனக்கு.
"கீழ் வீட்டுலயும் நாலு இருக்கு சேர்,
இப்படித்தான் சத்தம் போடுது."
செய்யலாம் என்றேன்,
வாடகையில் கழித்தால்.
சிரித்தார். பள்ளத்தாக்கைப் பார்த்தார்.
மூடுபனி ஏறிவந்து கண்ணாடியில் நெற்றியை முட்டி
உள்ளே வர வழி தேடிக்கொண்டிருந்தது.
"எவ்வளவு?" என்றார்.

நான் பெருக்கத் தொடங்குமுன்
போர்வைக்குள்ளிருந்து வந்தது குரல்:
"ஒண்ணுக்கு ரெண்டாயிரம்.
புட்டிக் காசு வேற."

ஊதுபத்திப் பெட்டியை எடுத்துக்கொண்டு
கீழே இறங்கினேன்.