எடை

இரண்டு பெடலையும் குடோன் தராசில் வைத்தேன்,
ஒட்டுப்பால் நிறுக்கும் சின்னத் தராசு.
கறுப்பு முந்நூற்றுப் பத்து கிராம்.
சாம்பல் அறுநூற்று எழுபது, அடாப்டர் சேர்க்காமல்.
முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"இது எந்த கிரேடு பிள்ள?" என்றார்.
சாம்பல் ரெனிஷ் மூன்று மாதம் முன்பு கடன் தந்தது,
கறுப்பு பதினைந்து நாளில் திருப்பக்கூடியது
என்றெல்லாம் சொல்ல நேரமில்லை.
ரப்பர் ஷீட் லோடு வாசலில் நின்றது.

வீட்டில் இருக்கிற ஆம்ப் பத்தொன்பது கிலோ.
அருமனையிலிருந்து மார்த்தாண்டம், அங்கிருந்து குளச்சல்,
இரண்டு பஸ்ஸிலும் அதற்கு லக்கேஜ் டிக்கெட்.
ஒருமுறை திங்கள்நகரில் கண்டக்டர்
"தையல் மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டார்.
ஆமாம் என்றேன். இறக்கக் கை கொடுத்தார்.

கறுப்புக்கு அவசரபுத்தி.
கரண்ட் தொட்டால் நாலு நொடியில் எழுந்து நிற்கும்.
குமிழ் மூன்றே மூன்று, மீதி எல்லாம் போனுக்குள்.
போனை மேடையில் எங்கே வைப்பது?
ஸ்டாண்டில் வைத்தால்
பாட்டு நடுவே சித்தப்பா அழைக்கிறார்.
அதன் க்ளீன் சத்தம் நல்லது, பொய் சொல்லக்கூடாது,
கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர்.
டிரைவ் ஏற்றினால்தான்
பாலிதீன் பைக்குள் அகப்பட்ட ஈசல்.

சாம்பலுக்கு ஆறு குமிழ், இருட்டிலும் விரலுக்கு வழி தெரியும்.
ஸ்விட்ச் இரண்டும் நெருங்கி நெருங்கி;
என் எட்டாம் நம்பர் செருப்பு ஒன்றை மிதித்தால்
இரண்டும் சம்மதிக்கும்.
எழுந்திருக்க இருபத்திரண்டு நொடி.
ஆனால் அதற்குள் ஓர் அறையை ஏற்றலாம்.
எந்த அறையின் எதிரொலியைப் பிடித்துக் கொடுத்தாலும்
அங்கே நின்று வாசிப்பதாக நடிக்கும்.
கம்பெனி தந்தவை நாற்பது,
எல்லாம் நான் பார்க்காத ஊர்களின் மரத்தரை அறைகள்.

ஒரு ஞாயிறு சாவி என்னிடம் இருந்தது.
குடோன் நடுவே ரெனிஷ் பலூன் உடைத்தான்,
நான் ரெக்கார்டரைப் பிடித்தேன்.
விலை ஏறி மொத்த ஷீட்டும் விற்றுப்போன வாரம்.
சத்தம் ஆஸ்பெஸ்டாஸ் வரை போய்
யோசித்துத் திரும்பி வந்தது.
விலை விழுந்து, சரக்கு கூரை முட்ட நிற்கையில்
இன்னொரு பலூன்.
டப். அவ்வளவுதான்.
மீதியை ஷீட் குடித்துவிட்டது.
சேமிக்கப் பெயர் கேட்டபோது
ஒன்றுக்கு இருநூற்றுப் பதினெட்டு
மற்றதற்கு நூற்று அறுபத்தொன்று என்று கொடுத்தேன்,
அன்றன்றைய கிலோ விலை.

குளச்சல், ஒன்பதாம் திருவிழா, மேடைக்குப் பின்னால் கடல்.
இருநூற்றுப் பதினெட்டில் வாசித்தேன்.
சவுண்டு ஷாலின் மிக்ஸரிலிருந்து தலை தூக்கி
"ரிவர்ப் யாரு போட்டது? நான் போடல்லியே" என்றார்.
இரண்டாம் பாட்டில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் உடனே ஏற்றுக்கொண்டது, பேஸும் கீபோர்டும் உடனே.
நான் மட்டும்
திரையில் ஊரும் ஒரு கோட்டைப் பார்த்தபடி
ஊமைக் கம்பியை உரசிக்கொண்டு நின்றேன்.
டிரம்ஸில் பெர்ஜின் கண்டுகொண்டு உருட்டினான்.
அது ஏற்பாடென்று நினைத்து
முன்வரிசைப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.
காலடிப் பையில் கறுப்பு இருந்தது. நாலு நொடி.
குனிந்து மாற்றியிருக்கலாம்.
குனியவில்லை.

கடைசி பஸ்ஸில் மடிமேல் பை.
கண்டக்டர் ஆளுக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்.
உள்ளே ஒரு குடோன் இருக்கிறது,
கூரை, தராசு, எலி எல்லாம் சேர்த்து.
நான் சொல்லவில்லை.

பதினான்காம் நாள் கறுப்பைத் துடைத்தேன்,
குமிழ் இடுக்கில் குளச்சல் உப்பு.
திருப்பி அனுப்பக் காரணம் கேட்ட பட்டியலில்
நான்கு வரி இருந்தது, ஒன்றும் பொருந்தவில்லை.
கடைசிக் கட்டத்தில் நானே எழுதினேன்:
எடை போதவில்லை.